சொல்லும் நிகழ்தகவும்: ஷேர்மன் கென்ற்றின் கட்டுரைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நவீன அரசு எழுத்தினால் இயங்கும் அரசாகும். போர், சமாதானம், வரி, உணவு ஆகிய எத்துறையிலாயினும், அமைச்சர் ஒருவர் மேடையிலே அறிவிக்கும் தீர்மானத்தின் பின்னால், பெயர் குறிப்பிடப்படாத சிலர் தயாரித்த அறிக்கையொன்று இருக்கும். தரவுகளைத் திரட்டி, அவற்றின் பொருளை ஆராய்ந்து, நிகழக்கூடியது இதுவென முன்கூட்டியே மதிப்பிட்டுரைக்கும் இவ்வரச ஆய்வாளரின் எழுத்து இலக்கியமாகக் கருதப்படுவதில்லை. ஆதலால் அது விமர்சனத்துக்கும் பெரும்பாலும் உட்படுவதில்லை. கவிதையொன்று பிழைத்தால் கெடுவது அக்கவிதை மட்டுமே. அரச மதிப்பீடொன்று பிழைத்தாலோ, அவ்வெழுத்தை ஒருபோதும் கண்டிராத மக்களே அதன் விலையைச் செலுத்த நேரிடுகின்றது. எனவே, இத்தகைய ஆய்வாளர் தமது பணியிலே காலந்தோறும் எவ்வாறு மேம்பட முடியும் என்னும் வினா, நிருவாகவியலாளருக்கு மட்டும் உரியதன்று. சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள உறவைப் பயில்வோர் அனைவருக்கும் உரியதாகும்.

இவ்வினாவை விடாது எழுப்பியவர்களுள் ஷேர்மன் கென்ற் முக்கியமானவர். ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே வரலாற்றாசிரியராக விளங்கிய அவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசின் ஆய்வுப் பணியில் இணைந்தார். பின்னர் 1952 முதல் 1967 வரை, சி. ஐ. ஏ. எனப்படும் மத்திய புலனாய்வு நிறுவனத்தின் தேசிய மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அந்நிறுவனத்தின் உள்ளகச் சஞ்சிகையிலே அவர் எழுதிய மூன்று கட்டுரைகள் ஈண்டு நோக்கற்பாலன. முதலாவது 1955 இலும் ஏனைய இரண்டும் 1964 இலும் வெளிவந்தவை. ஒரு காலத்தில் அலுவலர் மட்டத்துக்குள் அடங்கிக் கிடந்த இக்கட்டுரைகள் இன்று எவரும் வாசிக்கக்கூடியனவாய் உள்ளன. இவற்றைத் தனித்தனியே பாராட்டியோர் பலர். மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போதுதான் கென்ற்றின் சாதனையும் அச்சாதனையின் உள்ளே அமைந்த முரண்பாடும் துலாம்பரமாகத் தெரிகின்றன.

1955 ஆம் ஆண்டுக் கட்டுரை, புலனாய்வுத் தொழிலுக்கு ஓர் இலக்கியம் வேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைக்கின்றது. இலக்கியம் என்று அவர் கருதியது கதையையோ கவிதையையோ அன்று. ஒரு துறையினர் தமது முறைகளையும் அனுபவங்களையும் பதிந்து வைத்து, ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தும் திருத்தியும் வளர்த்தெடுக்கும் எழுத்துத் தொகுதியையே அவர் அவ்வாறு குறித்தார். மருத்துவமும் பொருளியலும் முன்னேறியமைக்குக் காரணம், அத்துறைகளிலே ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கு எழுத்தில் எஞ்சியமையே. அரச ஆய்வாளரின் அனுபவமோ அவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு வீட்டுக்குச் சென்றுவிடுகின்றது. புதிதாக வருபவர் அதே தவறுகளை முதலிலிருந்து செய்து பழக வேண்டியவராகின்றார். இந்நிலையை மாற்றும் பொருட்டே சஞ்சிகையொன்று வேண்டுமெனக் கென்ற் வாதிட்டார்.

இக்கோரிக்கையின் பெறுமதி வெளிப்படையானது. தொழில்சார் மேம்பாட்டை மேலதிகாரியின் அறிவுரையாகவோ ஆண்டிறுதிப் புகழுரையாகவோ அவர் காணவில்லை. சமநிலையிலுள்ள தொழிலினர் ஒருவரையொருவர் வாசிப்பதன் விளைவாகவே கண்டார். வரலாற்றாசிரியரின் பயிற்சி அவருக்கு அளித்த பார்வை இது எனலாம். ஆயின், வரலாற்றாசிரியரின் நூலை எதிராளி வாசிக்கலாம், அந்நியர் வாசிக்கலாம், மாணவரும் வாசித்து மறுக்கலாம். மூடிய மண்டபத்துக்குள் நிகழும் விவாதத்திலோ கேட்போரும் பேசுவோரும் ஒரே கூட்டத்தினராவர். இவ்வரையறை பின்னர் விளைவித்த ஊறு கியூபா விடயத்திலே வெளிப்படும்.

நிகழ்தகவைக் குறிக்கும் சொற்கள் பற்றிய 1964 ஆம் ஆண்டுக் கட்டுரையே கென்ற்றின் எழுத்துக்களுள் மிகுதியாக அறியப்பட்டது. அதன் தோற்றுவாய் 1951 மார்ச் மாதத்தில் வெளியான ஒரு மதிப்பீடாகும். ஸ்டாலினோடு முரண்பட்டு நின்ற யூகோசிலாவியாமீது அவ்வாண்டிலே தாக்குதல் நிகழ்வதற்குப் பாரதூரமான சாத்தியக்கூறு உண்டு என அம்மதிப்பீடு உரைத்தது. இராசாங்கத் திணைக்களத்தின் கொள்கைத் திட்டமிடற் பிரிவின் தலைவர், அத்தொடரினால் கருதப்பட்டது யாதெனக் கென்ற்றை வினவினார். நூற்றுக்கு 65 அளவில் நிகழக்கூடும் என்பதே தமது கருத்தெனக் கென்ற் விடையளித்தார். வினவியவரோ அதனினும் மிகக் குறைந்த அளவையே அச்சொற்களிலிருந்து பெற்றிருந்தார். கலக்கமுற்ற கென்ற், அம்மதிப்பீட்டை உடனிருந்து உருவாக்கிய சகாக்களிடமும் அதே வினாவைத் தொடுத்தார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றும் மற்றொருவர் நூற்றுக்கு 80 என்றும் கொண்டிருந்தமை அப்போது தெரியவந்தது. ஒரே வாக்கியத்துக்கு அனைவரும் உடன்பட்டிருந்தனர். ஒரே கருத்துக்கு அவர்கள் உடன்பட்டிருக்கவில்லை.

இதனைச் சீர்செய்யும் பொருட்டுக் கென்ற் சொற்களுக்கு எண்ணளவு வகுத்தார். ஏறத்தாழ நிச்சயம் என்றால் 93 சதவீதம், அதனின்று 6 கூடவோ குறையவோ இருக்கலாம். நிகழக்கூடியது என்றால் 75, அதனின்று 12 கூடவோ குறையவோ இருக்கலாம். இருபுறமும் சமம் என்றால் 50, அதனின்று 10 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றவாறு அவரது அட்டவணை அமைந்தது. அலுவலகத்தில் இதனை ஏற்றோரைக் கணிதர் என்றும், சொற்களை எண்ணிற் கட்டுவது வீண் என்றோரைக் கவிஞர் என்றும் அவர் பெயரிட்டார். தம்மைக் கணிதர் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

இப்பாகுபாடு சுவையானதெனினும் நீதியானதன்று. கவிஞன் தெளிவின்மையை நாடுபவன் அல்லன். ஒரு சொல்லை நீக்கி இன்னொன்றை இடும்போது பொருள் எவ்வளவு நகர்கின்றது என்பதை அவனைப் போல் உணர்ந்தவர் அரியர். ஐயத்தின் நுண்மைகளைப் பிரித்தறிவதும் மொழிக்குப் புதியதன்று; ஐயப்பொருளை உணர்த்துவதற்கெனக் ‘கொல்’ என்னும் தனி இடைச்சொல்லைத் தொல்காப்பியர் காலத்திலேயே தமிழ் கொண்டிருந்தது. கென்ற்றை எதிர்த்தோரிடம் காணப்பட்டது கவித்துவம் அன்று. பின்னர் எது நிகழினும் தப்பித்துக்கொள்ள இடம் வைத்தெழுதும் அலுவலக வழக்கமே அது. பாரதூரமான சாத்தியக்கூறு என்று எழுதியவர், தாக்குதல் நிகழ்ந்தால் முன்கூட்டியே எச்சரித்தேன் எனலாம். நிகழாவிடின் சாத்தியக்கூறு என்றுதானே எழுதினேன் எனலாம். எவ்வகையிலும் பிழைபடாத வாக்கியத்திலிருந்து எவரும் எதனையும் கற்றுக்கொள்ள இயலாது. இதுவே ஆய்வாளரின் மேம்பாட்டுக்குள்ள முதற் பெருந்தடையாகும். கென்ற் இத்தடையை இனங்கண்டார். ஆயினும், வாசகர் தவறாக விளங்கிக்கொள்ளாதிருத்தல் என்னும் நோக்குக்கே அவரது எண்கள் பயன்பட்டன. சொன்ன எண்ணையும் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டுக் கணக்கு வைத்தல் என்னும் அடுத்த படி அக்கட்டுரையின் அக்கறையாகவில்லை.

அப்படியைத் தவறவிட்டதன் விளைவை, அதே ஆண்டில் கென்ற் எழுதிய மற்றக் கட்டுரை காட்டுகின்றது. 1962 செப்டெம்பர் 19 ஆம் திகதி அவரது பிரிவு கியூபா பற்றிய விசேட மதிப்பீடொன்றை வெளியிட்டது. அங்கு ஏவுகணைகளை நிறுவுவதால் சோவியத்து ஒன்றியம் இராணுவ அனுகூலம் பெறக்கூடுமாயினும், அத்தகைய செயல் அதன் அதுவரை காலப் போக்குக்கு இணங்காதது என அம்மதிப்பீடு கொண்டது. ஒக்டோபர் 14 ஆம் திகதி உளவு விமானமொன்று எடுத்த ஒளிப்படங்கள் ஏவுகணைத் தளங்களைக் காட்டின. 16 ஆம் திகதி அவை சனாதிபதி கென்னடியின் முன் வைக்கப்பட்டன. நிறுவனத்தின் பணிப்பாளர் ஜோன் மக்கோன் மட்டும் முன்னரே வேறு விதமாகச் சிந்தித்திருந்தார். விமான எதிர்ப்பு ஏவுகணைகள் கியூபாவிலே நிறுவப்படுவது எதையோ மறைத்துக் காக்கும் பொருட்டே என்பது அவரது அனுமானம். தேனிலவுக்காகப் பிரான்சில் தங்கியிருந்த அவர் அங்கிருந்தும் தந்தி மூலம் இதனை வற்புறுத்தினார். அவரது கீழ்ப்பணியாற்றிய ஆய்வாளரோ தமது முடிவை மாற்றவில்லை.

இத்தவறை மீள்நோக்கும் கட்டுரையிலே கென்ற் மேற்கொண்ட நிலைப்பாடு வியப்புக்குரியது. குருசேவ் அமெரிக்காவின் எதிர்வினையைப் பிழையாகக் கணித்தே இக்காரியத்தில் இறங்கினார். எதிரி தன் நலனுக்கே ஒவ்வாத பிழையைச் செய்யப்போவதை எந்த மதிப்பீட்டு முறையும் முன்னறிய முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். சுருங்கக் கூறின், ஆய்வாளர் பிழைக்கவில்லை; ஆராயப்பட்டவரே பிழைத்தார் என்பதாகும். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், பிறர் தமது நலனைத் தாம் எவ்வாறு காண்கின்றனர் என்பதை அறிவதே புலனாய்வு ஆய்வின் பணியாக இருக்கையில், அவர் எமது நியாயப்படி நடக்கவில்லை என்பது சமாதானமாகாது. மக்கோனின் ஊகம் எவ்வழியில் எழுந்தது, தமது பிரிவு அதனை ஏன் நிராகரித்தது என்பவற்றிலிருந்தே அடுத்த தலைமுறை மிகுதியாகக் கற்றிருக்க முடியும். கட்டுரையின் வலிமையோ தற்காப்பிலே செலவாகின்றது.

ஈண்டு ஒரு நுட்பமான முரண் மனங்கொள்ளத்தக்கது. செப்டெம்பர் மதிப்பீடு ஓர் எண்ணைக் கூறியிருப்பின், கென்ற்றுக்கு இதனினும் நேர்மையான தற்காப்பு கிடைத்திருக்கும். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு என்று சொல்லப்பட்ட நிகழ்ச்சி நிகழ்ந்துவிடுவதனால் மட்டும் அம்மதிப்பீடு பிழையாகிவிடாது. அத்தகையன பத்தில் ஒருமுறை நிகழவே வேண்டும். எண் கூறப்படாமையால் அவரைக் குற்றவாளி என்றும் தீர்ப்பளிக்க இயலவில்லை; நிரபராதி என்றும் விடுவிக்க இயலவில்லை. எண்ணின் அவசியத்தை எழுதியவரே எண்ணின்மையின் பலியானார்.

அதே அரசாங்கத்தின் இன்னொரு திணைக்களம் இப்பிரச்சினைக்கு முன்னரே ஒரு விடையைக் கண்டிருந்தது. 1950 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்க வானிலைப் பணியகத்தைச் சேர்ந்த கிளென் பிரையர், எதிர்வுகூறலை அளப்பதற்கு ஒரு விதியை வெளியிட்டார். அதன் எளிய வடிவம் வருமாறு: மழை பெய்யும் வாய்ப்பு 70 சதவீதம் என ஒருவர் உரைத்து மழை பெய்தால், 1 இலிருந்து 0.7 ஐக் கழித்து வரும் 0.3 ஐ வர்க்கித்து 0.09 என்னும் புள்ளி வழங்கப்படும். மழை பெய்யாவிடின் 0.7 இன் வர்க்கமான 0.49 வழங்கப்படும். பலநாட் கூற்றுக்களின் சராசரி எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு திறமை உண்டென்பது பொருள். எப்போதும் 50 சதவீதம் என்று சொல்லி நடுவிலே ஒதுங்குபவர் என்றென்றும் 0.25 இலேயே நிற்பார். ஆகவே மழுப்பலும் கணக்கில் வந்துவிடுகின்றது. 1965 முதல் அந்நாட்டின் மழை எதிர்வுகூறல்கள் நாடளாவிய ரீதியில் சதவீதத்திலே வெளியிடப்பட்டு வருகின்றன. வானிலையாளர் பிறவி மேதைகளாக இருந்தமையால் மேம்பட்டனர் அல்லர். கருவிகளும் கணினிகளும் அவர்களுக்குத் துணைபுரிந்தன என்பது உண்மை. அத்தோடு, நேற்றுச் சொன்னது இன்று வானத்திலேயே தீர்க்கப்பட்டு, அத்தீர்ப்பு ஏட்டிலும் பதியப்பட்டமை அவர்களுக்கு நாள்தோறும் ஆசானாக அமைந்தது.

புலனாய்வு ஆய்வாளரிடம் இத்தகைய ஏடு இல்லாமையின் விலையை ஈராக் விவகாரம் உணர்த்தியது. 2002 ஒக்டோபரில், ஏறத்தாழ மூன்று வாரங்களுள் தயாரிக்கப்பட்ட தேசிய மதிப்பீடு, ஈராக்கிடம் இரசாயன, உயிரியல் ஆயுதங்கள் உள்ளனவென்றும், அது அணுவாயுத முயற்சியை மீளத் தொடங்கியுள்ளதென்றும் உயர்ந்த நம்பிக்கையோடு உரைத்தது. அணுவாயுதம் பற்றிய முடிவை இராசாங்கத் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவு ஏற்கவில்லை. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுப்பணிக்கானவை என்பதைச் சக்தித் திணைக்கள நிபுணரும் மறுத்திருந்தனர். இரகசிய அறிக்கையில் இம்மறுப்புக்கள் இடம்பெற்றன. ஆயின், அதே மாதம் பொதுமக்களுக்கென வெளியிடப்பட்ட வடிவத்திலே, இது எமது கணிப்பு என்று உணர்த்தும் சொற்கள் பல நீக்கப்பட்டிருந்தன. கணிப்பு செய்தியாயிற்று, ஐயம் உண்மையாயிற்று. 2003 மார்ச்சில் போர் தொடங்கியது. ஆயுதக் களஞ்சியங்கள் எவையும் காணப்படவில்லை என்பதை 2004 ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை உறுதிப்படுத்தியது. மதிப்பீட்டின் பிரதான முடிவுகளுள் பெரும்பாலானவை மிகைப்படுத்தப்பட்டவை அல்லது ஆதாரங்களால் நிறுவப்படாதவை எனச் செனற் சபையின் புலனாய்வுக் குழு 2004 யூலையில் அறிவித்தது. உயர்ந்த நம்பிக்கை என்று அதே ஆய்வாளர் முன்னர் எழுதியவற்றுள் எத்தனை மெய்யாயின என்னும் பதிவு இருந்திருப்பின், அச்சொற்களை எவ்வளவுக்கு நம்பலாம் என வாசகர் கேட்டிருக்கலாம். அத்தகைய பதிவை எவரும் அவர்கள் முன் வைக்கவில்லை.

இதன்பின் வந்த சீர்திருத்தங்கள் பெரும்பாலும் விதிகளாகவே அமைந்தன. 2007 இல் வெளியிடப்பட்டு 2015 இல் திருத்தப்பட்ட பணிப்புரை, ஆய்வறிக்கைக்குரிய ஒன்பது நியமங்களை வகுத்தது. மூலங்களின் தரத்தை விளக்குதல், ஐயத்தை வெளிப்படையாகக் கூறுதல், மாற்று விளக்கங்களை ஆராய்தல் முதலியன அவற்றுள் அடங்கும். கென்ற்றின் அட்டவணையை ஒத்த எண்ணளவும் அதிலே இடம்பெற்றுள்ளது. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும், அறிக்கை எவ்வாறு எழுதப்பட்டது என்பதையே இந்நியமங்களுட் பல பரிசீலிக்கின்றன. அது மெய்யாயிற்றா என்பது ஒன்பதில் ஒன்றாக ஒதுங்கி நிற்கின்றது. யாப்புப் பிழையின்மை ஒன்றே கவிதையாகாதவாறு, நியமப் பிழையின்மை ஒன்றே நல்ல ஆய்வாகாது.

கணக்கு வைப்பது இயலாத காரியம் என்போர் கூறும் நியாயங்களும் சிந்திக்கத்தக்கன. அரசியல் நிகழ்ச்சிகள் மழை போல் நாள்தோறும் நிகழ்வதில்லை. எச்சரிக்கையின் பயனாகவே ஆபத்து நீங்கிவிடுவதும் உண்டு. ஆயின், அண்மைக்கால முயற்சிகள் இவ்வையத்தைப் பெருமளவு தளர்த்தியுள்ளன. உளவியலாளர் பிலிப் ரெற்லொக் 284 நிபுணரின் எதிர்வுகூறல்களை நெடுங்காலமாகத் திரட்டி 2005 இல் நூலாக்கினார். அமெரிக்க அரசின் ஆதரவோடு 2011 முதல் நான்கு ஆண்டுகள் நடைபெற்ற போட்டியொன்றில், அவரும் பாபரா மெலர்சும் வழிநடத்திய குழுவைச் சேர்ந்த சாதாரண தொண்டர்கள் உலக விவகாரங்களைச் சதவீதத்தில் மதிப்பிட்டு முதன்மை பெற்றனர். பெரிய வினாவைத் திகதி குறித்த சிறிய வினாக்களாகப் பிரித்தமையும் தொடர்ந்து புள்ளி வழங்கப்பட்டமையும் அவர்களுக்குத் துணைநின்றன.

இதனினும் பொருத்தமான சான்று கனடாவிலிருந்து கிடைக்கின்றது. அந்நாட்டு அரசின் புலனாய்வு மதிப்பீட்டுப் பிரிவொன்று தன் ஆய்வாளரின் கூற்றுக்களுக்கு எண்ணளவு இட்டுப் பதிந்து வந்தது. அவற்றுள் 1,514 எதிர்வுகூறல்களை டேவிட் மண்டெலும் அலன் பாண்சும் ஆராய்ந்து 2014 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆய்வாளரின் கணிப்புக்கள் நிகழ்ந்தவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன. அவர்களிடம் காணப்பட்ட குறையோ எதிர்பார்த்ததற்கு மாறானது: மிகை நம்பிக்கை அன்று, தேவைக்கு மீறிய தயக்கமே. தமக்குத் தெரிந்த அளவுக்குக்கூட அவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. ஏடு இல்லாதிருப்பின் இக்குறையை எவரும் ஊகித்திருக்கமாட்டார்; இன்னும் அடக்கமாக எழுதுக என்றே அறிவுரை கூறியிருப்பர். மேம்பாட்டுக்கான அறிவுரை எத்துணை எளிதில் தவறான திசையிற் செல்லக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஆயினும் கணக்கேடு தானே ஒரு தண்டனைக் கருவியாகவும் மாறலாம். பதவியுயர்வும் இடமாற்றமும் புள்ளிகளில் தங்கியிருக்குமாயின், ஆய்வாளர் கடினமான வினாக்களைத் தவிர்த்து, நாளை சூரியன் உதிக்கும் என்பது போன்ற கூற்றுக்களால் ஏட்டை நிரப்புவர். பிழையைப் பதிவதற்குத் துணிவு பிறக்க வேண்டுமெனில், அப்பதிவு முதலில் எழுதியவரின் கல்விக்கும் பின்னர் சகாக்களின் விவாதத்துக்கும் பயன்பட வேண்டும். 1955 இல் கென்ற் கோரிய இலக்கியமும் 1964 இல் அவர் வகுத்த எண்ணும் ஒன்றையொன்று வேண்டி நிற்பது இவ்விடத்திலேதான். எண்ணில்லா விவாதம் தற்காப்பாக முடிகின்றது. விவாதமில்லா எண் அச்சமாக முடிகின்றது. இரண்டையும் கண்டவர் கென்ற்; இரண்டையும் இணைக்கத் தவறியவரும் அவரே.

மேம்பாடு எதற்காக என்னும் வினாவும் எஞ்சுகின்றது. 1961 இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவிலே அதே நிறுவனம் ஒழுங்குசெய்த படையெடுப்பு படுதோல்வியுற்றது. அத்திட்டம் பற்றி அதன் சொந்த ஆய்வாளர் பிரிவிடம் முறையாக ஆலோசனை கேட்கப்படவில்லை. கேளாச் செவிக்கு எத்துணை நுண்ணிய நிகழ்தகவும் பயனற்றது. மேலும், ஆக்கிரமிப்பு நோக்குடைய அரசொன்றின் கணிப்புக்கள் துல்லியமடைவதனால் மட்டும் உலகுக்கு நன்மை விளைந்துவிடாது. இவ்வரையறைகளைக் கென்ற்றின் கட்டுரைகள் தொடவில்லை. அவை தொழிலுக்குள் நின்று எழுதப்பட்டவை. தொழிலின் தலைவனாகிய அரசை விமர்சிப்பது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இக்குறைகள் யாவும் இருந்தும் அக்கட்டுரைகள் இன்றும் வாசிக்கத்தக்கனவாய் இருப்பதற்குக் காரணம் உண்டு. தான் எழுதிய தொடரின் பொருள் யாதெனத் தன் சகாக்களிடம் சென்று வினவிய அச்செயல், எந்த அரச அலுவலகத்திலும் எச்செலவுமின்றி மேற்கொள்ளக்கூடியது. பஞ்சத்தையோ வெள்ளத்தையோ பணவீக்கத்தையோ மதிப்பிடும் ஆய்வாளருக்கும் அது பொருந்தும். கூடும், சாத்தியம், எதிர்பார்க்கப்படுகின்றது என்னும் சொற்களை எழுதுபவர் அருகே ஓர் எண்ணையும் ஒரு திகதியையும் குறித்து வைத்து, அத்திகதி வரும்போது ஏட்டைத் திறந்து நோக்குவாராயின், கென்ற் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு படி முன்னே சென்றவராவார்.